தாளில் இழை பரவல்: படத்தில் வரும் எண் கண்ணோடு ஒத்துப்போகவில்லை

கூழ்த்தொட்டி

வணக்கம். ஆய்வகத்தில் கையால் வார்த்த தாள்களை வைத்து ஃபார்மேஷன், அதாவது இழை எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்று, அளக்கப் பார்க்கிறேன். தாள்கள் எல்லாம் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்), 159 மி.மீ. விட்டமுள்ள வட்டங்கள். மூன்று வகை இருக்கிறது. முதல் வகை முழுக்க நீள இழை, ஊசியிலை மரக் கூழ். இரண்டாவதில் பாதிக்கு மேல் குட்டை இழை. மூன்றாவது, முதல் வகையையே கேலண்டரில் (தாளை அழுத்தி வழவழப்பாக்கும் உருளைகளில்) ஓட்டியது.

தாளை ஒளிப்பெட்டி மேல் வைத்துக் கேமராவில் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் நடுவே ஒரு சதுரத்தை வெட்டி, பிக்சல் மதிப்புகளின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்கினேன். இதுவரைக்கும் நேரான வேலைதான்.

குழப்பம் இங்கே. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முதல் வகை மேகம் மேகமாக இருக்கிறது, சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனால் எண்ணில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. மூன்றாவதோ முதலைவிட நல்ல எண்ணோடு வருகிறது. கேலண்டர் ஃபார்மேஷனைத் திருத்தும் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. தப்பு எங்கே?

நிழற்பெட்டி

கணக்கை விடுங்கள், முதலில் கேமராவைப் பார்ப்போம். எக்ஸ்போஷர் ஆட்டோவிலா இருந்தது? படம் ஜேபெக்கா? ஒளிப்பெட்டியைத் தாள் இல்லாமல் தனியாக ஒரு படம் எடுத்தீர்களா?

கூழ்த்தொட்டி

ஆட்டோதான். ஜேபெக்தான். தனிப்படம் எடுக்கவில்லை. படங்கள் மங்கலாகத் தெரிந்ததால் மென்பொருளில் 'ஆட்டோ கான்ட்ராஸ்ட்' கொடுத்துவிட்டுத்தான் கணக்குப் போட்டேன்.

நிழற்பெட்டி

முதல் புதிருக்கு அங்கேயே பாதி விடை இருக்கிறது. ஆட்டோ கான்ட்ராஸ்ட் என்ன செய்யும்? ஒவ்வொரு படத்திலும் மிக இருண்ட இடத்தை 0 ஆகவும் மிக வெளிச்சமான இடத்தை 255 ஆகவும் இழுத்து வைக்கும். மேகமூட்டமான தாளும் சீரான தாளும் ஒரே அகலத்துக்கு விரிக்கப்படும். அதற்கப்புறம் திட்டவிலக்கம் எடுத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணாகத்தானே வரும்? அளக்க வேண்டிய வித்தியாசத்தை அளப்பதற்கு முன்பே அழித்துவிட்டீர்கள்.

அடுத்தது காமா. ஜேபெக்கில் இருக்கும் பிக்சல் மதிப்பு ஒளியின் அளவு அல்ல. கண்ணுக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒளியின் 2.2-ஆம் மூலம். ஒளியில் 11% ஏற்ற இறக்கம் இருந்தால் பிக்சலில் அது 5% ஆகச் சுருங்கிவிடும். அதனால் ரா ஃபைலாக (கேமரா வளைக்காத மூல மதிப்புகளாக) எடுங்கள், நேர்கோட்டு மதிப்புகளாகவே, 16 பிட்டில் பிரித்தெடுங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டி, கடைசித் தாள் முடியும்வரை தொடாதீர்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். தாளின் மேற்புறம் பட்டுத் திரும்பும் ஒளி கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும்.

மூன்றாவது, ஒளிப்பெட்டி. எந்த ஒளிப்பெட்டியும் முழுப் பரப்பிலும் ஒரே பிரகாசமாக இருக்காது, லென்ஸும் மூலைகளை இருட்டாக்கும். தாள் படம், தாளில்லாத படம், மூடி போட்ட இருட்டுப் படம் என மூன்று எடுங்கள். முதல் இரண்டிலிருந்தும் இருட்டைக் கழித்து, தாளை வெற்றால் வகுங்கள். ஒரு சிக்கல்: தாளுக்கு ஏற்ற எக்ஸ்போஷரில் வெற்றுப் பெட்டி வெளுத்துப்போகும். வெற்றுப் படத்துக்கு மட்டும் ஷட்டர் நேரத்தைக் குறைத்து, எத்தனை மடங்கு என்று குறித்துக்கொண்டால் போதும்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரே தாளை அப்படியே 90 பாகை திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மேகங்கள் தாளோடு சேர்ந்து திரும்பினால் அது தாள். திரும்பாமல் அதே மூலையில் நின்றால் அது விளக்கு, இல்லாவிட்டால் அக்ரிலிக் தகட்டில் ஒட்டிய தூசி.

பழைய வயர்மேன்

தம்பி, நிழற்பெட்டி சொன்னதெல்லாம் செய்யுங்கள், ஆனால் மூன்றாவது தாளின் விஷயம் கேமராவில் இல்லை. கேலண்டர் ஒரு இழையைக்கூட இடம் மாற்றாது. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஓட்டுவதற்கு முன் எவ்வளவு கூழ் இருந்ததோ, ஓட்டிய பின்னும் அவ்வளவுதான். மாறுவது ஒளி.

தாள் ஏன் ஒளியை மறைக்கிறது? இழைக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும் பரப்புகளில் பட்டுப் பட்டு ஒளி சிதறுவதால். கேலண்டரில் தடித்த இடம்தான் அதிக அழுத்தம் வாங்கும். அங்கே இழைகள் ஒட்டிக்கொண்டு காற்றிடைவெளி போய்விடும், சிதறல் குறையும். கூழ் அதிகமாக இருந்தும் அந்த இடம் முன்பைவிட அதிக ஒளியை விடும். கடுமையாக ஓட்டிய தாளைப் பாருங்கள்: மேலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளிகள், பின்னால் விளக்கு வைத்தால் அவையே கண்ணாடிபோல் மின்னும். உங்கள் மேகங்கள் கலையவில்லை. ஒளிக்கு மட்டும் கலைந்ததுபோலத் தெரிகிறது.

இதே ஏமாற்று வேறு இடங்களிலும் உண்டு. கால்சியம் கார்பனேட்டோ களிமண்ணோ ஃபில்லராக (இழைகளுக்கு இடையே நிரப்பும் பொடியாக) சேர்த்தால் ஒளிப்படத்தில் தாள் அழகாகிவிடும், இழை அப்படியேதான் இருக்கும். கூழை அதிகம் அரைத்தால் பிணைப்பு கூடிச் சிதறல் குறையும். ஆக ஒரே கூழ், ஒரே அரைப்பு, ஃபில்லர் இல்லை, அழுத்தம் ஒன்று என்றால்தான் இரண்டு ஒளிப்படங்களை நம்பிப் பக்கத்தில் வைக்கலாம். உங்கள் முதல் இரண்டு வகையும் வெவ்வேறு கூழ்தான், அதையும் மறக்காதீர்கள்.

புதுப்பிக்சல்

இவ்வளவு சிரமம் எதற்கு? நல்லது, கெட்டது என்று ஆயிரம் படங்களைப் பிரித்து ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தால் அதுவே சொல்லிவிடுமே?

பழைய வயர்மேன்

நல்லது கெட்டது என்று பிரிக்கப்போவது யார்? என் கண்தானே. அதற்கு ஒரு இயந்திரம் எதற்கு, என்னையே கேட்டுவிட்டுப் போகலாம்.

எண்ணும் எழுத்தும்

ஐயாவின் கண்ணுக்கு வருவோம், அதற்கு முன் ஒரு கணக்கு.

ஒளியிலிருந்து ஜிஎஸ்எம்முக்குப் போக நிறையப் பேர் மடக்கை எடுக்கிறார்கள். ஒளியை உறிஞ்சும் பொருளுக்கு அது சரி. வெளுத்த கூழ் ஒளியை உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம், சிதறடிக்கிறது. குபெல்கா, முங்க் இருவரும் 1931-ல் தந்த கோட்பாட்டின்படி, உறிஞ்சாத தாளில் கடந்துபோகும் ஒளிப்பங்கின் தலைகீழ் மதிப்பிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது, சிதறல் கெழுவையும் சதுர மீட்டருக்கான எடையையும் பெருக்கியதற்குச் சமம். சிதறல் கெழு கிலோவுக்கு 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஜிஎஸ்எம் தாளுக்குப் பெருக்குத்தொகை 2.4. ஒளிப்பங்கு 1 கீழ் 3.4, அதாவது சுமார் 29%.

இதே சமன்பாட்டில், எடையில் 10% கூடினால் ஒளி எவ்வளவு குறையும்? சுமார் 7%. அதை ஜேபெக் காமா 3% ஆக்கிவிடும். தாளில் பத்து இருந்தது, உங்கள் திரைக்கு வந்து சேர்ந்தது மூன்று.

ஆனால் சமன்பாட்டை நம்பி உட்கார வேண்டாம். அதே கூழில் 20, 40, 60, 80, 100 ஜிஎஸ்எம் தாள்கள் வார்த்து, ஒவ்வொன்றின் சராசரி ஒளிப்பங்கையும் எடுத்து ஒரு வளைகோடு போடுங்கள். கூழ் மாறினால் வளைகோடும் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு பிக்சலையும் அந்த வளைகோட்டின் வழியாக ஜிஎஸ்எம் ஆக மாற்றிவிட்டு அப்புறம் திட்டவிலக்கம் எடுங்கள். முதல் இரண்டு வகைக்கு இது போதும். மூன்றாவதுக்கு உதவாது, ஏனென்றால் அங்கே சிதறல் கெழுவே இடத்துக்கு இடம் மாறிக்கிடக்கிறது.

கூழ்த்தொட்டி

மூன்றாவதுக்கு அப்படியானால் என்ன வழி? எங்களிடம் பீட்டா கருவி இல்லை.

பழைய வயர்மேன்

பீட்டாதான் நேர்வழி. கார்பன்-14 கலந்த பிளாஸ்டிக் தகடு ஒரு பக்கம், எக்ஸ்ரே ஃபிலிம் மறுபக்கம், நடுவில் தாள். பீட்டா கதிருக்குக் காற்றிடைவெளி, பிணைப்பு, வெண்மை எதுவும் தெரியாது. வழியில் எவ்வளவு எடை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். புரோமீத்தியம்-147 வைத்து 1 மி.மீ. துளை வழியாகப் புள்ளி புள்ளியாக அளக்கும் கருவிகளும் உண்டு.

அது இல்லாத இடத்தில் தராசு இருக்கிறதே. ஆபீசில் ஃபைலுக்கு ஓட்டை போடும் பஞ்ச் எடுங்கள். 6 மி.மீ. ஓட்டை என்றால் 60 ஜிஎஸ்எம் தாளில் விழும் வட்டத்துண்டு 1.7 மில்லிகிராம் இருக்கும். 0.01 மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே துல்லியம் கிடைக்கும். ஒளிப்பெட்டி மேல் தாளை வைத்து, இருண்ட இடத்தில் பத்து, வெளிச்ச இடத்தில் பத்து என்று பென்சிலால் புள்ளி வைத்து, படம் எடுத்துவிட்டு, வெட்டி நிறுங்கள். கையால் தொடாதீர்கள், சின்ன இடுக்கியால் எடுங்கள், மூச்சையும் கொஞ்சம் தள்ளி விடுங்கள். தாள் ஈரத்தை உடனே குடிக்கும். அளவு அறையை 23 டிகிரி, 50% ஈரப்பதத்தில் வைப்பது சும்மா இல்லை.

எண்ணும் எழுத்தும்

ஐயா, அந்தப் பஞ்ச் அருமை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்டோ கான்ட்ராஸ்ட்டைச் சரிசெய்தாலும் முதல் இரண்டு வகையும் ஒரே எண் காட்ட வாய்ப்பிருக்கிறது.

நீங்கள் எடுத்தது ஒரே எண். அது ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று சொல்லும், எந்த அகலத்தில் என்று சொல்லாது. மணல் தூவியதுபோல் பொடிப் பொடியாக இருக்கும் தாளும், விரல் அகல மேகங்கள் மிதக்கும் தாளும் ஒரே திட்டவிலக்கம் காட்டலாம். ஆகவே அலைநீளம் வாரியாகப் பிரியுங்கள்: 0.5 முதல் 1 மி.மீ., 1 முதல் 2, 2 முதல் 4, 4 முதல் 8, 8 முதல் 16 என்று ஐந்து பட்டைகள். எஃப்எஃப்டி (படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) போடத் தெரிந்தால் போடுங்கள். வெட்டிய சதுரத்தின் ஓரங்களைச் சரிவாக மங்கச் செய்யாவிட்டால் படத்தின் குறுக்கே ஒரு பெரிய சிலுவை வரும், அதைத் தாளின் குணம் என்று எண்ணிவிடாதீர்கள். தெரியாவிட்டால் இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளிலேயே செய்யலாம்: ஒரே படத்தைக் கொஞ்சமாக மங்கலாக்கி ஒன்று, இரு மடங்கு மங்கலாக்கி ஒன்று; முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நடுவே இருக்கும் பட்டை மட்டும் நிற்கும். ஒவ்வொரு பட்டைக்கும் திட்டவிலக்கத்தின் வர்க்கத்தைத் தனியாக எழுதுங்கள். வர்க்கங்களைத்தான் கூட்டலாம், திட்டவிலக்கங்களை அல்ல.

600 டிபிஐ என்றால் ஒரு பிக்சல் 0.042 மி.மீ. போதும், அதற்கு மேல் போய்ப் பயனில்லை. ஒளி தாளுக்குள் பக்கவாட்டிலும் பரவுவதால் நுண்ணிய விவரம் எப்படியும் கரைந்துபோகும். மறுமுனையில், 16 மி.மீ. அலையை நம்ப வேண்டுமானால் சதுரம் 100 மி.மீ. ஆவது வேண்டும். அளவிடும் கட்டத்தின் அகலத்தைச் சொல்லாமல் ஃபார்மேஷன் எண்ணை மட்டும் சொல்பவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. 0.1 மி.மீ. கட்டத்தில் எடுத்த எண்ணும் 1 மி.மீ. கட்டத்தில் எடுத்த எண்ணும் ஒரே தாளில்கூட ஒத்துப்போகாது.

இனி ஐயாவின் கண். கண்ணும் ஒரு வடிகட்டிதான். பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு மூன்று முதல் ஐந்து கோடுகள் என்ற அளவில்தான் கான்ட்ராஸ்ட்டை அது மிகக் கூர்மையாகப் பிடிக்கும். 60 செ.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது 10.5 மி.மீ. அதாவது கையை நீட்டித் தாளைப் பிடிக்கும்போது 2 முதல் 3.5 மி.மீ. வரையிலான மேகங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் வேறு மேகங்கள். கண் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது ஒரு பட்டையைப் பற்றிய தீர்ப்பு.

பழைய வயர்மேன்

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நாங்கள் கையை நீட்டியும் பார்ப்போம், மடக்கியும் பார்ப்போம்.

புதுப்பிக்சல்

முட்டாள்தனமான கேள்வியாக இருக்கலாம். பூஜ்யம் வந்தால்தானே சீரான தாள்? எவ்வளவு வரை நல்லது?

எண்ணும் எழுத்தும்

முட்டாள்தனம் இல்லை, இந்த உரையாடலிலேயே நல்ல கேள்வி இதுதான். பூஜ்யம் வரவே வராது. இழைகளை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தூவினாலும் சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும். கால்ம்ஸ், கோர்ட்டே இருவரும் 1960-ல் இந்தக் கணக்கைத்தான் தொடங்கிவைத்தார்கள். ஒரு இழையின் எடை மீட்டருக்கு 0.2 மில்லிகிராம், அகலம் 35 மைக்ரான் என்றால் அந்த ஒற்றை இழைக்கே 5.7 ஜிஎஸ்எம். 60 ஜிஎஸ்எம் தாளில் ஒரு புள்ளிக்கு மேலே சராசரியாகப் பத்தரை இழைகள் அடுக்கியிருக்கும். தற்செயல் பரவலில் அந்த எண்ணிக்கையின் விலக்கம் அதன் வர்க்கமூலம். ஆக ஒரு புள்ளி அளவில் 31% ஏற்ற இறக்கம் சும்மாவே வரும், யார் தப்பும் இல்லை. கட்டம் பெரிதாகப் பெரிதாக இது வேகமாகக் குறையும்.

இதிலிருந்து இன்னொன்றும் வரும். தற்செயல் தாளில் ஜிஎஸ்எம் கூடினால் சதவீத விலக்கம் தானாகவே குறையும், வர்க்கமூலக் கணக்கில். 40 ஜிஎஸ்எம் தாளையும் 80 ஜிஎஸ்எம் தாளையும் சதவீதத்தில் ஒப்பிட்டால் 80 சும்மாவே ஜெயிக்கும். அதனால்தான் திட்டவிலக்கத்தை ஜிஎஸ்எம்மின் வர்க்கமூலத்தால் வகுக்கும் வழக்கம் வந்தது.

ஆகவே உங்கள் அளவுகோல் பூஜ்யம் அல்ல, தற்செயல் தாள். ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். 5 செ.மீ. சதுரத்தில் 2.5 மி.மீ. நீளக் கோடுகளைத் தற்செயல் இடத்தில், தற்செயல் திசையில் போடுங்கள். மூன்று லட்சம் கோடுகள் வேண்டும். ஒரு இழை 0.5 மைக்ரோகிராம், ஒரு சதுர சென்டிமீட்டரில் 6 மில்லிகிராம், கணக்கு சரியாக வரும். அதையும் அதே பட்டைகளில் அளந்து, உங்கள் எண்ணை அதனால் வகுங்கள். ஒன்றுக்கு மேல் எவ்வளவோ அவ்வளவு திரண்டிருக்கிறது. ஒன்றுக்குக் கீழேயும் வரலாம். வயரில் (கூழை வடிக்கும் கம்பிவலையில்) தண்ணீர் வடியும்போது மெலிந்த இடத்தில் அதிகம் வடியும், அதோடு இழையும் அங்கே போய்ச் சேரும். தாள் தன் குறையைத் தானே கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது.

பழைய வயர்மேன்

திரள்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. கெரெக்ஸ், ஷெல் இருவரும் 1992-ல் தந்த நெரிசல் எண். கன்சிஸ்டென்சி (கரைசலில் இழையின் எடைப்பங்கு) சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, இழை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மீட்டருக்கான இழை எடையால் வகுக்க வேண்டும். 0.5% கூழ், 2.5 மி.மீ. இழை, 0.2 மில்லிகிராம் என்றால் 78 வரும். 60-ஐத் தாண்டினால் இழைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு திரள் கட்டும். அதே 0.5%-ல் 1 மி.மீ. இழை, 0.1 மில்லிகிராம் என்றால் வெறும் 25. நீளம் வர்க்கத்தில் வருகிறது, கவனியுங்கள். தம்பியின் முதல் வகை ஏன் மேகமூட்டம், இரண்டாவது ஏன் தெளிவு என்று கேமரா இல்லாமலே சொல்லிவிடலாம். கையால் வார்க்கும் தொட்டியில் கூழ் இன்னும் எவ்வளவோ நீர்த்திருக்கும், அதனால் எண் சிறிதாக வரும். ஆனாலும் கலக்கிவிட்டு வடிக்காமல் நின்றுகொண்டிருந்தால் திரளத் தொடங்கிவிடும்.

கூழ்த்தொட்டி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாம் திரும்பச் செய்தேன்.

ரா ஃபைல், பூட்டிய எக்ஸ்போஷர், வெற்றுப் படத்தால் வகுத்தது, கூழுக்கு ஒரு வளைகோடு. திருப்பிப் பார்க்கும் சோதனையில் முதல் நாள் தோற்றேன். ஒரு மூலையில் நின்ற நிழல் தாளோடு திரும்பவில்லை. அக்ரிலிக் தகட்டின் கீழ்ப்புறம் டேப் ஒட்டிய பழைய பிசின் இருந்தது. துடைத்தபின் சரி.

முதல் வகையும் இரண்டாவதும் இப்போது தெளிவாகப் பிரிகின்றன. எண்ணும் எழுத்தும் சொன்னது போலவே, 0.5 முதல் 1 மி.மீ. பட்டையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 2 முதல் 8 மி.மீ. வரை நீள இழைத் தாள் தூக்கலாக நிற்கிறது. தற்செயல் தாளோடு வகுத்தால் இந்த இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

பஞ்ச் சோதனையில்தான் அசந்துபோனேன். முதல் வகையில் இருண்ட துண்டுகள் 1.8 பக்கம், வெளிச்சத் துண்டுகள் 1.6 பக்கம், ஒன்றிரண்டு தவிர வரிசை மாறவில்லை. கேலண்டர் ஓட்டியதிலும் கனமான துண்டு, லேசான துண்டு இரண்டும் அதே அளவுக்கு இருக்கின்றன. ஆனால் எது கனம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மிக வெளிச்சமாக இருந்த ஒரு துண்டுதான் அந்தத் தாளிலேயே கனமானது. மூன்றாவது வகையின் ஒளி எண்களை நோட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

இன்னொரு வினோதம். 8 முதல் 16 மி.மீ. பட்டையில் எல்லா வகையிலும், குட்டை இழையில்கூட, எதிர்பாராத ஒரு மேடு. வார்க்கும்போது தொட்டியின் கைப்பிடிப் பக்கம் எது என்று தாள் ஓரத்தில் பென்சிலால் குறிப்பது என் பழக்கம். அந்தக் குறியை வைத்துப் பன்னிரண்டு படங்களையும் ஒரே திசைக்குத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரி எடுத்தேன். மேகங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாம்பலாகிவிட்டன. ஒரே ஒரு வெளிச்சத் திட்டு மட்டும், கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், கட்டைவிரல் நுனி அகலத்துக்கு அப்படியே நிற்கிறது.

நிழற்பெட்டி

படங்களைத் திருப்பிய பிறகும் நிற்கிறதென்றால் விளக்கு தப்பித்தது. தாளில்தான் இருக்கிறது.

பழைய வயர்மேன்

வயர், தம்பி. அந்த இடத்தில் வலைக்கண் அடைத்திருக்கிறது. தண்ணீர் அங்கே வடியவில்லை, அதனால் இழையும் அங்கே வரவில்லை. வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து தேய்க்காதீர்கள், கண் நெளிந்துவிடும். கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

கூழ்த்தொட்டி

கழற்றிப் பார்த்தேன். காய்ந்த கூழ், படத்தில் தெரிந்த அதே வடிவத்தில். பீய்ச்சி அடித்ததில் முக்கால்வாசி போய்விட்டது, மீதியை ஊறப்போட்டிருக்கிறேன். நாளைக்கு மறுபடி பன்னிரண்டு தாள்.